கணக்கு நோடுகளில் லினக்ஸின் குறுக்கீட்டைக் குறைப்பது எப்படி

2017 நவம்பர் முதல், உலகின் மிக வேகமான 500 கணினிகளைக் காட்டும் டாப்500 பட்டியலிலுள்ள சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆனால் சாதாரண சர்வருக்குப் போடும் லினக்ஸை அப்படியே கணக்கு நோடுகளில், அதாவது கணக்கீட்டு வேலைகள் ஓடும் தனித்தனிக் கணினிகளில், போட்டால் பெரிய வேலைகள் இழுபடும். ஆயிரக்கணக்கான எம்பிஐ ப்ராசஸ்கள் (செய்தி பரிமாறி ஒரே வேலையைப் பகிர்ந்து செய்பவை) சுற்றுக்குச் சுற்று ஒன்றுக்கொன்று காத்து நிற்பவை. எங்கோ ஒரு கோரில் (ப்ராசசரின் ஒரு கணக்கீட்டு அலகில்) பின்னணிச் சேவை ஒன்று சில மில்லிநொடி எடுத்துக்கொண்டால் மொத்தமும் தாமதமாகும். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஏஎஸ்சிஐ க்யூ சூப்பர் கம்ப்யூட்டரில் 2003-இல் இதை அளந்தே காட்டினார்கள்: பெரிய அளவில் ஓட்டும்போது, நோடுக்கு 4 ப்ராசசரில் ஒன்றைச் சும்மா விட்டதும் வேகம் கூடியது.

முதலில் வேலை எதுவும் ஓடாத நோடில் அளந்து பாருங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 5.14 பதிப்பு முதல் ஓஎஸ்நாய்ஸ் ட்ரேசர் உண்டு. எந்தக் கோரில் எவ்வளவு நேரம் பறிபோனது என்று காட்டும். பிறகு சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர்களைப் பட்டியலிட்டு, பேக்கேஜ் அப்டேட், கோப்புத் தேடல் குறியீடு போன்றவற்றை நிறுத்துங்கள். செலவில்லாமல் கிடைக்கும் பலன் இது, தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, இயங்குதளத்துக்கென்று கோர் ஒதுக்குங்கள். ஃபிரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டரில் நோடுக்கு 64 கோரில் 8 கோர்கள், எல்3 கேஷ் பகுதிக்கு ஒன்று வீதம், வழக்கமாக வேலைகளுக்குத் தரப்படுவதில்லை. வேலைகளை நோடுகளுக்குப் பங்கிடும் ஸ்லர்மில் இதற்கு அதன் அமைப்புக் கோப்பின் நோடு வரியில் கோர்ஸ்பெக்கவுண்ட்டைக் குறிப்பிட வேண்டும். சிகுரூப் (ப்ராசஸ்களுக்கு வள வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) அமைப்பில் கன்ஸ்ட்ரெய்ன்கோர்ஸையும் இயக்குங்கள். ஆனால் ஸ்லர்ம் வேலைகளைத்தான் தள்ளி வைக்கும், மற்றச் சேவைகளைப் பிடித்து அங்கே வைக்காது. அதற்கு சிஸ்டம்டியின் சிபியூ அஃபினிட்டியில் அதே கோர் எண்களைக் கொடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: நோடில் வேலைகளைத் தொடங்கும் ஸ்லர்ம்டி சேவைக்கு மட்டும் எல்லாக் கோர்களையும் திறந்துவிடாவிட்டால், அதன் கீழ் பிறக்கும் வேலைகளும் அந்த இரண்டொரு கோருக்குள்ளேயே அடைபடலாம். சாதனங்கள் ப்ராசசரைக் குறுக்கிடும் இன்டரப்ட்களையும் இயங்குதளத்துக்கு ஒதுக்கிய கோர்களுக்கே திருப்பிவிடுங்கள். இன்டரப்ட்களைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடினால் கணக்குக் கோர்களை அதன் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, கெர்னல் பூட் வரியில் கணக்குக் கோர்களுக்கு நோஹெர்ட்ஸ்ஃபுல் சேருங்கள். ஒரு கோரில் ஒரே த்ரெட் ஓடும்வரைதான் டைமர் டிக் (கெர்னலின் சீரான கடிகாரக் குறுக்கீடு) அடங்கும். இரண்டாவது வந்ததும் திரும்பிவிடும். கோர்களைத் தனிமைப்படுத்தும் ஐசோல்சிபியூஸ் சேர்ப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்தக் கோர்களில் கெர்னல் சுமையைப் பகிராது; குறிப்பிட்ட கோரில் கட்டிவைக்காத ஓபன்எம்பி த்ரெட்கள் (ஒரே நிரலின் இணைந்தோடும் பகுதிகள்) ஒரே கோரில் குவிந்துவிடும்.

சோதிக்க, கோருக்கு ஒரு த்ரெட் வீதம் ஓடும்போதே லோக்கல் டைமர் இன்டரப்ட் எண்ணிக்கையை 10 நொடி இடைவெளியில் இருமுறை பாருங்கள். 250 ஹெர்ட்ஸ் கெர்னலில் கோருக்குச் சுமார் 2,500 கூடினால் டிக் அடங்கவில்லை. சில பத்துகளுக்குள் நின்றால் அமைப்பு சரி.