தோட்டத்து வாசலில் ஒரு கடை: நம் விளைச்சலை நாமே விற்கத் தொடங்குவது எப்படி

நத்தம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். மாவும் புளியும்தான் பெரும்பகுதி, கொஞ்சம் தென்னை, வரப்போரம் பனை, கிணற்றடியில் கீரைப்பாத்தி. எட்டு வருடமாகத் தோட்டத்து வாசலில் பந்தல் போட்டுக் கடை வைத்திருக்கிறோம். காலையில் அம்மா, மதியம் நான், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையன். சொந்தத்தில் இரண்டு பேர், பக்கத்து ஊரில் ஒருவர் என்று மூன்று பேர் இந்த வருடம் "நாங்களும் வைக்கலாமா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கடைக்கு வந்த காரணம் ரொம்பச் சாதாரணம். மண்டிக்கு மாங்காய் கொண்டுபோனால் கிலோ 30 ரூபாய்க்கு ஏலம் போகும், அதில் கமிஷன் 3, இறக்குக் கூலி 1, வண்டி வாடகை 2 போக 24 கையில் நிற்கும். அதே பழம் ஊருக்குள் 60 ரூபாய். நடுவில் இருக்கிற 36 ரூபாயில் பாதியாவது நமக்கு, பாதி வாங்குகிறவருக்கு என்றுதான் பந்தல்கால் ஊன்றினோம்.

முதலில் ஒரு பழைய காலண்டரை எடுங்கள்

பலகை, தராசு, பந்தல் எல்லாம் அப்புறம். உங்கள் நிலத்தில் எந்த மாதம் எது வருகிறது என்று தமிழ் மாதவாரியாக எழுதுங்கள். வீட்டில் வயதானவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், நாம் மறந்ததை அவர்கள் சொல்வார்கள். எங்கள் காலண்டர் ஏறக்குறைய இப்படி:

தையில் மொச்சை, அவரை, பனங்கிழங்கு. மாசியில் மாவடு, புதுப்புளி. நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்குக் கூட்டம் வரும்போது இளநீர். பங்குனியில் முருங்கை கொட்டும், புளி தொடரும். சித்திரையும் வைகாசியும் மாம்பழம், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு. ஆனியில் நீலம் மட்டும், கூடவே நாவல். ஆடியில் கை கொஞ்சம் காய்ந்துபோகும். ஆவணியிலிருந்து ஐப்பசி வரை சீத்தாப்பழமும் கொய்யாவும், நடுவில் பனம்பழம். மழைக்காலத்தில் நெல்லி, கிடைத்தால் கீரை. மார்கழியில் திரும்பவும் கிழங்கு.

இதில் கவனிக்க வேண்டியது காலி மாதங்கள். அதை நிரப்பக் கீரையைத்தான் நம்பலாம், சிறுகீரை விதைத்து 25 நாளில் பிடுங்கிவிடலாம். ஒரே நாளில் எல்லாப் பாத்தியையும் விதைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு பாத்தி என்று தள்ளித் தள்ளி விதைத்தால் வாரா வாரம் கட்டு வரும். பனங்கிழங்குக்கு ஆவணி, புரட்டாசியிலேயே பனங்கொட்டையை மண் மேட்டில் அடுக்கி மூடிவிட வேண்டும். அப்போது சோம்பல்பட்டால் பொங்கலுக்குக் கிழங்கு கிடையாது.

அடுத்த தோட்டத்துச் சரக்கை வாங்கி வைக்காதீர்கள்

இதைத் தனியாக ஒரு படியாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பட்டது. இரண்டாவது வருடம் ஆனி மாதம் பழம் தீர்ந்துவிட்டது, ஆட்கள் வந்து நிற்கிறார்கள். ஆசையில் வெளியே இரண்டு பெட்டி பங்கனப்பள்ளி வாங்கி வந்து பலகையில் அடுக்கிவிட்டேன். பார்க்க மஞ்சள் மஞ்சளாக அவ்வளவு அழகு. வாராவாரம் மதுரையிலிருந்து வருகிற ஓர் அக்கா இரண்டு கிலோ வாங்கிப் போனார். அடுத்த ஞாயிறு வந்து பழத்தை எடுக்கவில்லை, வண்டியை விட்டு இறங்கவுமில்லை, கண்ணாடியை இறக்கி, "தம்பி, உள்ள வெள்ளையா புளிச்சுக் கெடக்கு. உங்க மரத்துப் பழமா அது?" என்று மட்டும் கேட்டார். சீக்கிரம் பழுக்கக் கார்பைடு கல் வைத்த பழம். அவர் திரும்ப வர அடுத்த சித்திரை ஆனது.

அன்றிலிருந்து இல்லாததை இல்லை என்று சொல்லிவிடுகிறோம். பலகையில் பாதி காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும். "நீலம் முடிஞ்சிருச்சுக்கா, ஆவணியில சீத்தா வரும், வாங்க" என்று சொன்னால் ஆட்கள் ஆவணியில் வருகிறார்கள், இது எனக்கே முதலில் நம்ப முடியாமல் இருந்தது.

இடம்

சொந்தப் பட்டா நிலத்துக்குள்ளேயே பந்தல் இருக்கட்டும். சாலைப் புறம்போக்கில் போட்டால் ஒருநாள் எடுக்கச் சொல்வார்கள், எந்த நாள் என்பதுதான் தெரியாது. வளைவில் வைக்காதீர்கள். வண்டி ஒதுங்கி நிற்க இரண்டு கார் நீளத்துக்காவது மண் தரையைச் சமன் செய்துவையுங்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று, சாலையின் எந்தப் பக்கம் என்பது. ஊருக்குப் போகிறவர் வாங்குவதில்லை. வீட்டுக்குத் திரும்புகிறவர்தான் வாங்குகிறார். மதுரைக்குத் திரும்பும் வண்டிக்கு எங்கள் பந்தல் இடதுகைப் பக்கம், அதனால் ஞாயிறு மாலை 4 முதல் 7 வரை நடக்கிற வியாபாரம் வாரம் முழுக்க நடப்பதற்குச் சமம். உங்கள் நிலம் எதிர்ப்பக்கம் இருந்தால் காலை வியாபாரத்துக்கு ஏற்ற கீரை, இளநீர் என்று யோசியுங்கள். போர்டைக் கடைக்கு 200 மீட்டர் முன்னாலேயே வையுங்கள். பெரிய எழுத்தில் இரண்டே சொல்: "தோட்டத்து மாம்பழம்". சரக்கு தீர்ந்தால் போர்டைக் கவிழ்த்துவிடுங்கள், நிறுத்தி ஏமாந்து போகிறவர் அடுத்தமுறை நிறுத்த மாட்டார்.

தேவையான சாமான்

பழைய கட்டில் இரண்டு, மேலே வைக்கோல், சுத்தமான சாக்கு, ஓலைப்பந்தல் (தகரம் வேண்டாம், அடியில் பழம் வெந்துபோகும்), ஒரு மின்னணுத் தராசு. தராசு வாங்கும்போது முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், வருடம் ஒருமுறை எடையளவுத் துறையில் சரிபார்த்து முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். எடை ஒருபக்கம் சரியாக இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி முதல் தடை. பழைய செய்தித்தாள் பையும், மஞ்சப்பையும் வைத்திருக்கிறோம், மஞ்சப்பைக்கு மட்டும் காசு வாங்குகிறோம். க்யூஆர் அட்டை கட்டாயம். ஆனால் சில்லறையும் வேண்டும், எங்கள் பக்கம் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும்.

மாங்காய் பறிப்பதும் பழுக்க வைப்பதும்

கடையின் பேர் நிற்பதும் கெடுவதும் இந்த வேலையில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எங்களிடம் செந்தூரம், பங்கனப்பள்ளி, காசா லட்டு, கல்லாமை, கொஞ்சம் இமாம்பசந்த், கடைசியாக நீலம். எல்லாம் ஒரே நாளில் முற்றாது. ஒரே மரத்திலேயே வெயில் பக்கத்துக் காய் முதலில் முற்றும். முற்றின காயின் தோள் காம்பைவிட மேலே எழும்பி, காம்படி குழிந்திருக்கும். தோலில் மினுமினுப்புக் குறைந்து சாம்பல் பூத்தாற்போல இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றிய காய் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். எங்கள் பையன் இதை விளையாட்டாகவே செய்வான், ஆனால் அந்த வாளிதான் எங்கள் ஆய்வுக்கூடம்.

தொரட்டியின் நுனியில் வலைப்பை கட்டி, காய் கீழே விழாமல் இறக்க வேண்டும். மரத்தை உலுக்கவே கூடாது. தரையில் அடிபட்ட காய் வெளியே நன்றாக இருக்கும், நாலாம் நாள் அந்த இடம் மட்டும் கறுத்துக் குழையும். காம்பை ஓர் அங்குலம் விட்டுப் பறிக்கவும். அப்புறம் நிழலில் உட்கார்ந்து காம்பை ஒடித்து, உடனே காயைத் தலைகீழாக வைக்கோல் மேல் சாய்த்துவிட வேண்டும். சொட்டுச் சொட்டாகப் பால் வடியும். ஒடித்த நொடியில் சிலசமயம் பீய்ச்சி அடிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பட்ட இடம் புண்ணாகிவிடும். அந்தப் பால் தோலில் வழிந்தால் கருங்கோடு விழும், பழம் உள்ளே எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அந்தக் கோட்டைப் பார்த்து ஆள் எடுக்க மாட்டார். இரண்டு மணி நேரம் வடியவிட்டு, தண்ணீரில் அலசி, ஈரம் காயவிடுங்கள்.

பிறகு காற்றோட்டம் குறைந்த அறையில் வைக்கோல் ஒரு அடுக்கு, காய் ஒரு அடுக்கு. மூன்று அடுக்குக்கு மேல் போகாதீர்கள். சித்திரை வெயிலில் நாலைந்து நாளில் பழுக்கும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலை வைக்கோலைக் கிளறிப் பார்த்துப் பழுத்ததைப் பிரிக்க வேண்டும், ஒரு அழுகல் இருந்தால் பக்கத்து நாலையும் கெடுக்கும். காம்படியில் மூக்கை வைத்தால் வாசனை வர வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், சில இமாம்பசந்த் பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கும், அதை வாங்குகிறவரிடமும் சொல்லி அனுப்புங்கள். கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவுக்கு அளவோடு அனுமதி உண்டு, ஆனால் வீட்டுக் கடைக்கு வைக்கோலே போதும்.

சீத்தாப்பழத்துக்கு இவ்வளவு பாடு கிடையாது. கண்கள் விரிந்து, நடுக்கோடு வெளுத்து வந்தால் பறிக்கலாம், இரண்டு மூன்று நாளில் தானே பழுத்துவிடும். கல்லாகப் பறித்தால் பழுக்காது, கறுக்கும்.

விலை போடுவது

உழவர் சந்தையின் அன்றைய விலைப்பலகையைப் பாருங்கள். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்ததிலிருந்து இந்தப் பலகை நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல அளவுகோல். மொத்த விலைக்கு மேலே, கடை விலைக்குக் கீழே என்பதுதான் அதன் கணக்கு. நாங்களும் அந்த இடைவெளியில்தான் நிற்கிறோம், மேலே சொன்ன உதாரணத்தில் 45 ரூபாய்.

பழத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் தரம் கிலோவுக்கு. அடுத்தது சின்னதும் கோடு விழுந்ததும், கொஞ்சம் குறைத்து. மூன்றாவது, இன்றே சாப்பிட வேண்டியது. அதை எடை போடாமல் ஐந்தாறு பழமாகக் கூறு கட்டி, கூறு 50 என்று வைத்துவிடுங்கள். நல்ல பழத்தை மேலே அடுக்கி, அடியில் சொத்தையைத் தள்ளுகிற வேலை மட்டும் வேண்டாம், எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்து வருகிறார்கள். பேரம் பேசுகிறவரிடம் விலையைக் குறைப்பதைவிட ஒரு பழம் கொசுறு போடுவது நல்லது, விலையைக் குறைத்தால் பின்னால் நிற்கிறவரும் கேட்பார். போணி நேரத்தில் மட்டும் அம்மா விட்டுக்கொடுப்பார், அதில் நான் தலையிடுவதில்லை.

எப்படியும் ஒன்றை அறுத்துச் சாப்பிடக் கொடுங்கள். ஒரு நாளைக்கு நாலு பழம் அதில் போகும், போகட்டும்.

மிஞ்சியது

சித்திரைக் காற்றில் விழுகிற காயை யாரும் வாங்க மாட்டார்கள். அதைக் கீறி உப்புப் போட்டு மொட்டைமாடியில் காயவைத்தால் மாவத்தல், புளிக்குழம்புக்கு ஐப்பசியில் தேடி வந்து கேட்பார்கள். புளியைக் கொட்டையும் கோதும் நீக்கி, காய்ந்த உருண்டையாகக் கொடுத்தால் கொட்டைப்புளியைவிட நல்ல விலை. ஆனால் விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பதை நம்பி ஊறுகாயும் அப்படியே விற்றுவிடாதீர்கள். பதப்படுத்தி விற்றால் பதிவு வேண்டும். சிறுவியாபாரிகளுக்கான பதிவை இணையத்திலேயே எடுக்கலாம், பெரிய தொல்லை இல்லை.

ஒரு நோட்டு

இரவு பந்தலைக் கட்டும்போது மூன்று வரி எழுதுங்கள்: எது எத்தனை கிலோ போனது, எது மிஞ்சியது, ஆட்கள் கேட்டு நம்மிடம் இல்லாதது எது. முதல் இரண்டை எல்லாரும் எழுதுவார்கள். மூன்றாவதுதான் அடுத்த வருடக் காலண்டர். போன வருடம் எங்கள் நோட்டில் அந்த வரியில் அதிகம் வந்தது வாழைப்பூ, கூடவே வாழைத்தண்டு. இந்த ஐப்பசி மழைக்குக் கிணற்றடியில் பதினைந்து கன்று ஊன்றியிருக்கிறோம்.