ஊர் மருத்துவக் குறையை கிராமசபைத் தீர்மானமாக்குவது எப்படி?

கிராமசபையில் மருத்துவத்தைப் பற்றிப் பேசாத ஊர் இல்லை. நர்ஸ் வருவதில்லை, மாத்திரை கிடைப்பதில்லை, தண்ணீர் நாறுகிறது என்று எல்லாம் பேசப்படும். ஆனால் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் "சுகாதார வசதிகள் குறித்து விவாதிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்க முடியாது. ஆகவே வேலை கூட்டத்தன்று தொடங்குவதில்லை, பத்து நாள் முன்பே தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கூட்டம் நடக்கும். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கை வராமல் நிறைவேற்றிய தீர்மானத்தை யாராவது எதிர்த்தால் நிற்காது. பெண்கள் நூறு நாள் வேலையிலோ வீட்டு வேலையிலோ இருக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால் குறைவெண் சேராது. மருத்துவக் குறையை நேரில் அனுபவிக்கிறவர்களும் வரமாட்டார்கள். நேரத்தைப் பற்றி ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

முதல் வேலை, குறையை எண்ணாக மாற்றுவது. தெருவுக்கு ஒருவராக நாலைந்து பேர் வீடு வீடாகப் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். கர்ப்பிணிகள் எத்தனை பேர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை, படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை என்று மட்டும் கேளுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கு வருகிறதா, கடைசியாக எந்த மாதம் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. இது பல வீடுகளுக்குத் தெரியாததால் யாரும் கேட்பதே இல்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். காசநோய், எச்.ஐ.வி., மனநோய் உள்ளவர்களின் பெயர் எந்தத் தாளிலும் வரக்கூடாது. தீர்மானப் புத்தகம் பலர் கையில் புரளும். எண்ணிக்கை போதும்.

அடுத்து, எந்தக் குறை யார் கையில் இருக்கிறது என்று பிரிக்க வேண்டும். தீர்மானங்கள் செத்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். செவிலியரை நியமிக்க ஊராட்சிக்கு அதிகாரம் கிடையாது. அது சுகாதாரத் துறையின் வேலை, எனவே மாவட்ட சுகாதார அலுவலருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் போக வேண்டும். முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறைக்குப் போக வேண்டும். குடிநீர்த் தொட்டி, கழிவுநீர்க் கால்வாய், கொசு ஒழிப்பு ஆகியவை ஊராட்சியின் சொந்த வேலை. இதற்கு மேலே யாரையும் கேட்க வேண்டியதில்லை, அன்றே முடிவெடுக்கலாம். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிபந்தனையற்ற நிதி உண்டு. ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் கூட்டாகக் கையாளும் கணக்கு அது. போன ஆண்டு எதற்குச் செலவானது என்று சபையில் வரவு செலவு கேட்பது உங்கள் உரிமை.

தண்ணீர்க் குறையைக் கொண்டுபோகிறீர்கள் என்றால் சோதனை செய்து கையில் முடிவோடு போங்கள். பாலாற்றங்கரை ஊர்களில் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய பயம் நியாயமானது, ஆனால் அதைச் சொல்ல ஆய்வக அறிக்கை வேண்டும். குளோரின் அளவை ஊரிலேயே பார்த்துவிடலாம். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துப் பயனில்லை, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் பாருங்கள். குளோரின் அளக்கும் சிறு கருவியான குளோரோஸ்கோப்பின் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டியதும் மஞ்சள் நிறம் வரும், அதைப் பக்கத்தில் உள்ள நிற அளவோடு ஒப்பிட வேண்டும். குறைந்தது 0.2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். நிறமே வராவிட்டால் குளோரின் கடைசித் தெருவரை வந்து சேரவில்லை. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு, அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்தபின் மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். திறந்து வைத்த பழைய மூட்டைப் பவுடரில் வீரியம் போயிருக்கும். எத்தனை கிராம் போட்டாலும் மஞ்சள் வராததற்கு அது ஒரு காரணம்.

இனி தீர்மானத்தின் வாசகம். அதை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு மாதிரி:

"எங்கள் துணை சுகாதார நிலையத்தில் ஜூன் மாதத்திலிருந்து கிராம சுகாதார செவிலியர் பணியிடம் காலியாக உள்ளது. பொறுப்புச் செவிலியர் புதன்கிழமை தடுப்பூசிக்கு மட்டும் வருகிறார். ஊராட்சியில் கர்ப்பிணிகள் 14 பேரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 62 பேரும் உள்ளனர். பணியிடத்தை 60 நாட்களுக்குள் நிரப்பவும், அதுவரை பொறுப்புச் செவிலியர் வாரத்தில் மேலும் ஒருநாள் வரவும் மாவட்ட சுகாதார அலுவலரைக் கேட்டுக்கொள்வதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

என்ன குறை, எப்போதிலிருந்து, யாருக்குப் பாதிப்பு, யார் செய்ய வேண்டும், எத்தனை நாளில் என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. ஒரு தீர்மானத்தில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். சாலையையும் நர்ஸையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டு அலுவலகமும் மற்றதன் வேலை என்று திருப்பி அனுப்பும்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தின் மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற இடங்களில் மக்கள்தொகையை மட்டும் சொன்னால் கோரிக்கை பலவீனமாகிவிடும். துணை நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர் என்பது நெறி. சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களில் அந்த எண் சேராது. அங்கே தூரத்தை எழுதுங்கள்: 108 வண்டி நிற்கும் இடத்திலிருந்து கடைசி வீடு எத்தனை கிலோமீட்டர், மழையில் நடக்க எத்தனை மணி நேரம் என்று.

கூட்டத்தில் ஒன்றியத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க வரும் அலுவலரான பற்றாளர் எதிரிலேயே தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசகம் புத்தகத்தில் ஏறியபின் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்மான எண்ணும் தேதியும் தெரியும்படி. பின்னால் கேட்கும்போது அந்த எண்தான் பேசும்.

ஒரு வாரத்துக்குள் நகலை இணைத்து மாவட்ட சுகாதார அலுவலருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் பி.டி.ஓ.வுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு (வேலூர் மாவட்டத்தில் அது சத்துவாச்சாரியில்) அதே நகலோடு போங்கள், மனு எண்ணைத் தவறாமல் வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில், "தீர்மான எண் இது, தேதி இது, இதன்மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு எந்த அலுவலரிடம் உள்ளது?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதிலை அடுத்த கிராமசபையில் முதல் பொருளாக வைக்கச் செயலரிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம்.