அதிகக் குதிரைத்திறன் காரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்துதல்

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், மேனுவல் காரை ஆட்டோமேட்டிக்காக மாற்றுபவர் முதலில் எண்ண வேண்டியது கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரைப் பற்றியே. கிளட்சுக்குப் பதிலாக, எஞ்சினின் ஆற்றலை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கும்போது வீணாகும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகி ஆயிலில் சேர்வதால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் கார், ரேடியேட்டரை மட்டும் நம்பியிருக்காமல், தனிக் கூலரும் ஆயில் வெப்பமானியும் கொண்டிருப்பது நல்லது.

கியர்பாக்ஸை எஞ்சினின் குதிரைத்திறனைப் பார்த்து அல்ல, அதன் உச்ச முறுக்குவிசையைத் தாங்குமா என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கிளட்ச், ஃப்ளைவீல், கிளட்ச் பெடல் ஆகியவற்றைக் கழற்றிய பின், ஃப்ளைவீலின் இடத்தில், கன்வெர்ட்டரை எஞ்சினோடு இணைக்கும் மெல்லிய தகடான ஃப்ளெக்ஸ்பிளேட் வரும்.

அடுத்த கட்டத்தில் அவசரமே கூடாது. கன்வெர்ட்டரைக் கையால் சுழற்றியபடியே உள்ளே தள்ளி, அது ஆயில் பம்ப்பில் முழுமையாகப் பொருந்திய பிறகே கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்க வேண்டும்; கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே தயாரிப்பாளர் குறிப்பிடும் சிறு இடைவெளி இல்லாமல், போல்ட்டுகளை முறுக்கியே இழுத்துச் சேர்த்தால் பம்ப் உடைந்துவிடும்.

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தை மீண்டும் அளந்து, தேவையானால் வெட்டிச் சமன்செய்ய வேண்டும். பார்க், நியூட்ரல் நிலைகளில் மட்டுமே ஸ்டார்ட்டர் இயங்குமாறு பாதுகாப்புச் சுவிட்சை இணைப்பதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. பதிவுச் சான்று தொடர்பான விதிகளை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை தொடங்கும் முன்னரே கேட்டறிந்துகொள்ளுங்கள்.