புழுதியில் ஓடும் வண்டிக்கு எந்த ஏர் ஃபில்டர்?

மண் பாதையில் அடிக்கடி ஓடும் வண்டி என்றால், ‘பவர் கூடும்’ என்ற பேச்சை நம்பி ஏர் ஃபில்டர் வாங்காதீர்கள். எஞ்சினை உள்ளே தேய்ப்பது மாவு போன்ற நுண்புழுதி. அதைப் பிடிப்பதில் தரமான பேப்பர் ஃபில்டர்தான் கெட்டி. ஆனால் நனைந்தால் மாற்றியே ஆக வேண்டும். எண்ணெய் தடவும் ஃபோம் ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடலாம். எண்ணெய் கூடிப்போனால் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்துவிடும், கவனம். வாங்கும் முன் ஐ.எஸ்.ஓ. 5011 (ஏர் ஃபில்டர் புழுதியை எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கும் சர்வதேச முறை) சோதனை விவரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம், ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு. இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. ஃபில்டரைக் கழற்றும்போது எஞ்சின் பக்கக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் ஒட்டினால், பெரும்பாலும் விளிம்பு சரியாக உட்காரவில்லை, புழுதி பக்கவாட்டில் நுழைகிறது.