கல்யாண வீட்டுச் சுவரில் ஓதம்

சோழவந்தானில் இருப்பது தாத்தா கட்டிய செங்கல், சுண்ணாம்பு வீடு. தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுவதற்குள் வெள்ளையடிக்க நினைத்தோம். ஆனால் கூடத்துச் சுவரில் இடுப்பு உயரம்வரை ஓதம். உப்பு பூத்து, தொட்டாலே பெயிண்ட் உதிர்ந்தது.

கடையில் வாட்டர்புரூஃப் பெயிண்டைக் காட்டினார்கள். கொத்தனார் அண்ணன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேல சிமெண்ட் பூசியிருக்கு தம்பி. உள்ள இருக்குற ஈரம் எங்கிட்டுப் போகும்?" என்றார். சுண்ணாம்புப் பூச்சு என்றால் தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாகவே ஆவியாகிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுகிறது.

முதலில் கொல்லையில் துணி துவைக்கும் தண்ணீர் சுவரோரம் தேங்காதபடி வாய்க்கால் வெட்டித் திருப்பினோம். இதைச் செய்யாமல் சுவரில் கைவைப்பது வீண். அப்புறம் ஓதத்துக்கு ஒரு முழம் மேலே வரை சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து, கூட்டி அள்ள வேண்டும். பிறகு ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபேனைப் போட்டு நன்றாகக் காயவிட்டோம்.

நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறிய தண்ணீர். மெல்லிசாக இரண்டு தடவை பூசி, ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். சீக்கிரம் காய்ந்தால் வெடிப்பு விடும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். எனாமல் கேட்ட அத்தையைச் சமாளித்ததுதான் பெரிய வேலை. சுண்ணாம்பு பட்டுச்சேலையில் ஒட்டும் என்பது அவர் கவலை, நியாயம்தான். வெள்ளையில் கொஞ்சம் அரிசிக் கஞ்சி கலந்ததும் ஒட்டுவது குறைந்தது.