மாடல் விமானத்தில் பேட்டரி நகராமல் இருக்க வெல்க்ரோ ஒட்டும் முறை

மாடல் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் மோட்டாரையும் ரிமோட்டையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். பேட்டரியை உள்ளே வைத்து மூடியைச் சாத்துவதோடு விட்டுவிடுவார்கள். சின்ன விமானத்தில் பெரும்பாலும் அதிகக் கனம் பேட்டரிதான். பறக்கும்போது அது கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே ஈர்ப்பு மையம், அதாவது விமானம் சமமாக நிற்கும் புள்ளி, மாறி வால் கனத்துப்போகும். அதன்பின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் பகுதியான எலிவேட்டரை லேசாகத் தொட்டாலும் விமானம் துள்ளும், அடக்குவது கஷ்டம். 180 கிராம் பேட்டரி 5 ஜி (புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு) விசையுள்ள திருப்பத்தில் 900 கிராம் அளவுக்கு இழுக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

வெல்க்ரோவில் சொரசொரப்பான கொக்கிப் பக்கம் ஒன்று, மெத்தென்ற பக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒட்டிப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், அசையாது. ஓரத்தைப் பிடித்து மேல்நோக்கி உரித்தால் சுலபமாக வந்துவிடும். இந்த ஒன்று புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்: அடியில் ஒட்டும் வெல்க்ரோ பேட்டரியை முன்னும் பின்னும் நகரவிடாது, மேலே சுற்றும் வெல்க்ரோ பட்டை அதை எழும்பவிடாது. இரண்டும் வேண்டும். ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தேவையானவை: பின்புறம் பசையுள்ள 20 அல்லது 25 மி.மீ. அகல வெல்க்ரோ, இருபக்கமும் பிடிக்கும் வெல்க்ரோ பட்டை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை), கத்தரிக்கோல்.

முதலில் இடம் குறிக்க வேண்டும். ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி), சர்வோ (இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் சின்ன மோட்டார்) எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, பேட்டரியை டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி, கையேட்டில் சொன்ன ஈர்ப்பு மையப் புள்ளியில் இறக்கைக்கு அடியில் விரல் வைத்துத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் அந்தப் புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்கும். விமானம் சமமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நின்றால் சரி. அப்போது பேட்டரி இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். விமானத்துக்குள் பேட்டரி உட்காரும் தட்டில் ஒட்டும் வெல்க்ரோ துண்டை மட்டும் பேட்டரியைவிட நீளமாக வெட்டுங்கள். நாளைக்கு வேறு எடையுள்ள பேட்டரி வாங்கினால் முன்பின் தள்ளி வைக்க இடம் இருக்கும்.

அடுத்து ஒட்டும் பரப்பு. அவசரப்படக்கூடாத இடம் இதுதான், ஏனென்றால் வெல்க்ரோ பிய்ந்துபோவதைவிடப் பசை பெயர்ந்துவிடுவதுதான் அதிகம். பூச்சு இல்லாத பால்சா மரத்திலும் ஒட்டுப்பலகையிலும் தூசும் நாரும் இருப்பதால் பசை மரத்தைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். மெல்லிய எபாக்சிப் பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்ததும் நைசான உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். விரலால் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும். ஃபோம் விமானம் என்றால் நேராக ஒட்டாமல், மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை எபாக்சியால் பதித்து அதன்மேல் ஒட்டுவது நல்லது. தெர்மோகோல் பக்கம் சாதாரண சூப்பர் க்ளூவைக் கொண்டுபோகவே வேண்டாம், கரைத்துவிடும்.

இப்போது ஒட்டலாம். துண்டின் நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். கொக்கிப் பக்கம் தட்டில், மெத்தென்ற பக்கம் பேட்டரியில். எல்லா பேட்டரிக்கும் இதே முறையை வைத்துக்கொண்டால் எதை எந்த விமானத்தில் வைத்தாலும் பொருந்தும். பேட்டரியில் வோல்ட், கொள்ளளவு எழுதிய இடத்தை மறைக்காதீர்கள். கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டு ஒருநாள் முழுக்கச் சும்மா விடுங்கள். பசை முழு பலம் பெற 24 மணி நேரம் ஆகும்.

அப்புறம் பட்டை. தட்டில் ஏற்கெனவே துளை இல்லையென்றால் இரண்டு பக்கமும் பட்டை நுழையும் அளவுக்குக் கீறி, அடிவழியாக விட்டு மேலே எடுங்கள். பேட்டரியின் நடுப்பகுதியில் இறுக்க வேண்டும். அசையாத அளவுக்கு இறுக்கம் போதும், லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி நசுங்கக் கூடாது. மிச்ச நுனி சர்வோ கைகளில் மாட்டாதபடி வெட்டிவிடுங்கள்.

ரிசீவருக்குச் சின்னத் துண்டு போதும், ஆன்டெனாவை மட்டும் அதன் அடியில் சிக்கவைக்காதீர்கள். உள்ளே கைரோ (விமானத்தின் ஆட்டத்தை உணரும் சென்சார்) இருக்கும் ரிசீவராக இருந்தால் வெல்க்ரோ வேண்டாம். வெல்க்ரோவில் இருக்கும் சின்ன ஆட்டத்தைக்கூட அது விமானத்தின் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு தேவையில்லாமல் திருத்தும். இருபக்க ஃபோம் டேப்தான் சரி. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி சூடாகும், சூட்டில் பசை இளகும். அதைக் காற்றோட்டம் உள்ள இடத்தில் கேபிள் டையால் கட்டுங்கள்.

கடைசியாகச் சோதனை. புரொப்பெல்லரைக் கழற்றி, பேட்டரி இணைப்பைப் பிரித்து, மூடியைத் திறந்துவைத்து, மெத்தைக்கு மேலே விமானத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். பிறகு நிமிர்த்தி, பேட்டரியை மட்டும் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். விமானமும் கூடவே எழுந்து வர வேண்டும். பேட்டரி ஒரு பக்கம் சாய்ந்தாலோ பட்டை நழுவினாலோ திரும்ப இறுக்கிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போக வேண்டும்.

பேட்டரியை வெளியே எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பட்டையை அவிழ்த்து, ஒரு ஓரத்திலிருந்து மெல்ல உரித்தெடுங்கள். கொக்கிகளுக்கு நடுவே புல்லும் நூலும் சேரும், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். தேய்த்த பிறகும் பிடிமானம் குறைவாகத் தெரிந்தாலோ ஓரம் தூக்கியிருந்தாலோ அந்தத் துண்டை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.