பதற்றமுள்ள நாட்டில் பைக் பயணம்: புறப்படும் முன் போட வேண்டிய கணக்கு

எந்த நாடும் முழுவதும் ஒரே அளவுக்கு ஆபத்தாக இருப்பதில்லை. பாகிஸ்தானில் ஹுன்சா பள்ளத்தாக்கு ஒரு மாதிரி, ஈரான் எல்லையிலிருந்து குவெட்டா வரும் பலூசிஸ்தான் சாலை வேறு மாதிரி. அதனால் "அந்த நாட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் திட்டம் நகராது. பயணத்தை ஒருநாள் ஓட்டத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் என்ன வகை ஆபத்து, அது எந்தப் பொழுதில் வரும், பாதியில் திரும்ப வழி உண்டா என்று தனித்தனியாக எழுதுங்கள்.

ஆபத்தின் வகை தெரிந்தால்தான் மருந்தும் தெரியும். வழிப்பறி பெரும்பாலும் இருட்டில் நடக்கும். மாலைக்குள் ஊர் சேர்ந்தால் அதில் பெரும்பகுதி கழன்றுவிடும். கலவரம் தேர்தல் முடிவு, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியும் நேரம், ஏதாவது ஒரு நினைவுநாள் என்று நாள் பார்த்து வரும். அன்று நகருக்குள் நுழையாமல் இருந்தால் போதும். சாலையோர வெடிகுண்டின் குறி ராணுவ, போலீஸ் வண்டிகள். கான்வாய் தென்பட்டால் முந்தாதீர்கள், ஒட்டியும் போகாதீர்கள், நன்றாகப் பின்தங்குங்கள். ஆள் கடத்தலுக்கு உங்கள் நடமாட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எனவே நாளை எங்கே தங்குவீர்கள் என்பதை யாரிடமும் பேச்சுவாக்கில் சொல்லாதீர்கள். படங்களை அந்த ஊரைவிட்டுக் கிளம்பி இரண்டு நாள் ஆன பிறகு போடுங்கள்.

அரசுகள் வெளியிடும் பயண எச்சரிக்கைகளில் தலைப்பை மட்டும் படிக்காதீர்கள். பிரிட்டன் வெளியுறவுத் துறையின் பக்கத்தில் பகுதிவாரியாக நிறம் தீட்டிய வரைபடம் இருக்கும். எந்த மாவட்டத்தில் எப்போது என்ன நடந்தது என்பதற்கு ஏ.சி.எல்.இ.டி. என்ற மோதல் தரவுத்தளம் உதவும். கடைசி மூன்று மாத நிகழ்வுகளை உங்கள் பாதைமேல் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் புள்ளிகள் குவிந்தால் அந்தத் துண்டைச் சுற்றிப் போக வேறு சாலை தேடுங்கள்.

இதெல்லாம் வீட்டில் செய்யும் வேலை. சாலையில் இறங்கிய பிறகு நம்பத்தக்க செய்தி லாரி டிரைவரிடமும் பெட்ரோல் விற்பவரிடமும்தான் இருக்கிறது. ஆனால் "பாதை பத்திரமா?" என்று கேட்டால், விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்று "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்பார்கள். கேள்வியை மாற்றுங்கள். "நீங்கள் எப்போது அந்த வழியாக வந்தீர்கள்? எத்தனை இடத்தில் நிறுத்தினார்கள்? உங்கள் மகனை இன்று அந்த வழியில் அனுப்புவீர்களா?" ஒருவரையொருவர் அறியாத மூன்று பேரிடம் கேளுங்கள். ஓட்டும்போது எதிர்த்திசை வண்டிகள் இருபது நிமிடமாகக் காணவில்லை, பகலில் கடைகள் மூடிக் கிடக்கின்றன என்றால் கடைசியாக ஆள் நடமாட்டம் இருந்த இடத்துக்குத் திரும்பி விசாரியுங்கள்.

நேரமும் பெட்ரோலும்

வரைபடச் செயலி காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். 280 கி.மீ. ஓட்டம் என்று வையுங்கள். நகரும்போது சராசரி 50 கி.மீ. வேகம் என்றால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆறு செக்போஸ்ட்டுக்குத் தலா 15 நிமிடம், ஒன்றரை மணி. சாப்பாடு, பெட்ரோல் ஒரு மணி. ஆக எட்டு மணி நேரத்துக்கு மேல். காலை 6.30-க்குக் கிளம்பினால் மதியம் மூன்று மணியை ஒட்டிச் சேர்வீர்கள். ஒரு பஞ்சர் ஆனால் நான்கு. இருட்டுவதற்குள் கையில் இரண்டு மணி நேரமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அந்தத் துண்டைச் சுருக்குங்கள்.

பெட்ரோலுக்கு நாம் சொல்லும் விதி கொஞ்சம் கடுமையானது: இரண்டு பங்க்குகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் கையிருப்பு வேண்டும். மறுமுனையில் சாலை அடைத்திருந்தால் திரும்பி வர வேண்டுமே. 18 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 25 கி.மீ. என்றால் தாளில் 450 கி.மீ. வரும். சுமை, எதிர்க்காற்று, மட்டமான பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் 20-க்கு இறங்கும். அப்போது 360 கி.மீ.தான். ஆக 180 கி.மீ. இடைவெளிவரை அந்த டேங்க் போதும், அதற்கு மேல் என்றால் 5 லிட்டர் கேன் கட்டுங்கள். கேனில் விற்கும் பெட்ரோலில் தண்ணீரும் மண்ணும் இருக்கும். முதலில் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துச் சில நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.

செக்போஸ்ட்

கவனம் சிதறாமல் இருக்க வேண்டிய இடம் இது. பல நாடுகளில் தாக்குபவர்கள் வருவதே பைக்கில்தான். முகம் தெரியாத ஹெல்மெட், பெரிய பெட்டிகள், வேகம் மூன்றும் சேர்ந்தால் காவலுக்கு நிற்கும் இளம் சிப்பாய் பயந்துவிடுவான். பயந்தவன் கையில் துப்பாக்கி இருக்கிறது.

நூறு மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்து, ஹை பீமை அணையுங்கள். வைசரை மேலே தள்ளுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டாமல், தேவையானால் திரும்ப இடம் விட்டு நில்லுங்கள். எஞ்சினை அணைத்து இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரில் வையுங்கள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்த முகமாக வணக்கம் சொல்லுங்கள். பையினுள் கை விடும்முன் "பாஸ்போர்ட் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். ஹெல்மெட் கேமராவை அன்று காலையே கழற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும்; அணைத்து வைத்த கேமராவும் அவர்கள் கண்ணுக்கு கேமராதான்.

அடையாளம் புரியாத தடுப்பு தூரத்தில் தெரிந்தால், அவர்கள் பார்வைக்கு வரும் முன்பே நின்று, ஒரு லாரியோ பேருந்தோ அதைக் கடப்பதைக் கவனியுங்கள். அவர்கள் பார்த்துவிட்ட பிறகு வண்டியைத் திருப்பவே கூடாது. உண்மையான செக்போஸ்ட்டாக இருந்தால் தப்பி ஓடுகிறீர்கள் என்று சுடலாம். கொள்ளையர் என்று தெரிந்துவிட்டால் சாவியைக் கொடுங்கள்.

பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல் குறைந்தது முப்பது கையில் இருக்கட்டும். ஒவ்வொரு சாவடியிலும் ஒன்றைக் கொடுத்தால் பேரேட்டில் எழுதும் நேரம் மிச்சம், மூலமும் கையைவிட்டுப் போகாது.

பைக்குக்கென்றே சட்டம் மாறும் நாட்களையும் விசாரியுங்கள். முஹர்ரம் சமயத்தில் பாகிஸ்தான் நகரங்களில் பின்சீட்டில் ஆள் ஏற்றத் தடை வருவது வழக்கம். நைஜீரியாவின் போர்னோ மாநிலத்தில் பைக்குகளுக்கே தடை போட்டிருக்கிறார்கள்.

கண்ணிவெடி புதைத்த வரலாறு உள்ள பகுதியில், சிறுநீர் கழிக்கக்கூட தார் விளிம்பைத் தாண்டாதீர்கள். ஆப்கானிஸ்தானில் எச்சரிக்கைக்காக வண்ணம் பூசி வைத்த கல்லின் சிவப்புப் பக்கம் வெடி இருக்கும் திசை, வெள்ளைப் பக்கம் அகற்றி முடித்த திசை.

பாதுகாப்பு வண்டியோடு போகும்போது

ஈரான் எல்லையில் உள்ள தஃப்தானிலிருந்து குவெட்டாவரை 600 கி.மீ.க்கு மேல். வெளிநாட்டவரைத் துப்பாக்கி ஏந்திய காவலர்களோடுதான் அனுப்புவார்கள். ஒவ்வொரு சாவடியிலும் ஆள் மாறும், மறுபடி பதிவு நடக்கும். உங்கள் வேகம் அவர்கள் கையில், எனவே இரண்டு நாள் ஒதுக்குங்கள், விசாவில் கூடுதலாகச் சில நாள் வைத்திருங்கள். இரவுத் தங்கல் காவல் நிலையமாக இருக்கலாம். விரிப்பும் தண்ணீரும் சாப்பாடும் உங்களுடையதாக இருக்கட்டும். கிளம்பும் முன் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும். வழியில் நிறுத்தச் சொல்லிக் கேட்டால் கோபப்படுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது: நிற்கும் இடம்தான் அவர்களுக்கு ஆபத்தான இடம்.

வண்டி, மருந்து, தொடர்பு

நடுவழியில் நிற்பதே இங்கே பெரிய ஆபத்து என்பதால், நிற்கும் நேரத்தைக் குறைக்கும் பொருள்களுக்கே இடம்: முன்பின் டியூப், லீவர்கள், 12 வோல்ட் காற்று பம்ப், கிளட்ச் கேபிள், கிளட்ச் பிரேக் லீவர், செயின் லிங்க், ஃபியூஸ். கிளட்ச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டுக் கட்டி வைத்தால் மாற்றப் பத்து நிமிடம் போதும்.

டூர்னிகே (ரத்தப்போக்கை நிறுத்தக் கை, காலில் இறுக்கும் பட்டை) இரண்டு வேண்டும், ஒன்று ஜாக்கெட்டிலேயே. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின்மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும்; கட்டிய நேரத்தை எழுத வேண்டும். பயிற்சி எடுக்காமல் இதைச் சுமந்து பயனில்லை. டிராமடால், கோடீன் போன்ற வலி மாத்திரைகள் எகிப்திலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிறைவரை கொண்டுபோகும்.

செயற்கைக்கோள் கருவி எல்லா நாட்டிலும் சட்டபூர்வமல்ல; இந்தியாவில் அனுமதியில்லாமல் துராயா, இரிடியம் கருவி வைத்திருந்தால் கைது ஆகலாம். கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவரிடம் பாதை, வண்டி எண், சேசிஸ் எண், ரத்த வகை, காப்பீட்டு எண். தினமும் இரவு எட்டுக்குள் செய்தி வராவிட்டால் பத்துக்கு விடுதிக்கு அழைப்பது, காலையில் கடைசியாகத் தங்கிய ஊரின் போலீஸ், அன்று மதியம் தூதரகம் என்று எழுதிக் கொடுங்கள். மிரட்டலில் பேசும்போது சொல்ல ஒரு சாதாரணச் சொல்லையும் முடிவு செய்யுங்கள்.

வண்டியை விட்டுவிட்டு வர நேர்ந்தால்

2023 ஏப்ரல் 15-ல் சூடானில் போர் வெடித்தபோது கார்ட்டூம் விமான நிலையம் முதல் நாளே மூடியது; கெய்ரோவிலிருந்து கேப்டவுன் போகும் கிழக்குப் பாதை அறுந்தது. இப்படி நேர்ந்தால் உயிர் தப்பி வந்தாலும் வண்டிக் கணக்கு பின்னால் வரும். கார்னே புத்தகத்தில் (வண்டியை வரி கட்டாமல் தற்காலிகமாக ஒரு நாட்டுக்குள் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணம்) வெளியேறும் முத்திரை இல்லாவிட்டால் அந்த நாட்டுச் சுங்கம் வரி கேட்கும், உங்கள் வைப்புத்தொகை மாட்டிக்கொள்ளும். சில நாடுகளில் வண்டியைப் பாஸ்போர்ட்டில் பதிவு செய்வார்கள்; அப்போது வண்டியில்லாமல் விமானமேற விட மாட்டார்கள். இதற்கான வழியை உள்ளே நுழையும் சுங்கச்சாவடியிலேயே கேளுங்கள்: அவசரத்தில் எந்த அலுவலகத்தில் ஒப்படைப்பது, என்ன ரசீது தருவார்கள். கார்னே கொடுத்த வாகனச் சங்கத்திடம் போர் வந்தால் என்ன ஆவணம் ஏற்பார்கள் என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் அப்படியே எழுத்தில் கேளுங்கள்: உங்கள் அரசு போகாதே என்று சொன்ன பகுதி சேருமா, உங்கள் எஞ்சின் சிசி சேருமா, போர் காரணமான வெளியேற்றம் சேருமா. மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" வந்தாலும் அந்தத் துண்டைப் பாதையிலிருந்து எடுத்துவிடுங்கள்.